எந்த போட் நல்ல போட்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு பர்ச்சேஸ் வேலை. கட்டிங் ஆயில், போல்ட், கையுறை எது வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும். மூன்றையும் ஒரே ஷீட்டில் போட்டால் அது சி.எஸ்., கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட். அதில் விலை குறைந்தவர் எல்-1. எல்-1ஐ விட்டு எல்-2விடம் வாங்கினால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். ஆறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் மனசுக்குள் காலம் காலமாகக் கட்டம் விழுந்தது என்று சொன்னால் என் வீட்டில் அடி விழும்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை எங்கள் முதலாளி கூப்பிட்டார். "தம்பி, ஒரு போட் வாங்கலாம்னு இருக்கேன். மீன் பிடிக்க இல்ல, சும்மா ஓட்ட. பழவேற்காட்டுல வெச்சுக்கலாம். எது பெஸ்ட்டுனு ஒரு சி.எஸ். போடு."

அவர் கஷ்டப்பட்டு மேலே வந்தவர். லேத் ஹெல்பராக இந்த சிப்காட்டுக்குள் நுழைந்தவருக்கு ஐம்பது வயதில் ஒரு போட் ஆசை வரக் கூடாதா? எனக்கு அதில் ஒரு மறுப்பும் இல்லை. மறுப்பு இருந்தாலும் சொல்லும் இடத்தில் நான் இல்லை. பர்ச்சேஸ்காரனிடம் எதை வாங்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, எதில் வாங்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதுதான் அதற்குப் பிறகு என்னைப் படுத்திய விஷயம்.

மூன்று வாரம் இரவில் உட்கார்ந்து படித்தேன். சொகுசு போட் உலகம் தனி உலகம். பேலைனர் சிக்கனக்காரனுக்கு, சீ ரே வசதியானவனுக்கு, பாஸ்டன் வேலர் விவரம் தெரிந்தவனுக்கு என்று ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். கடைசியில் பார்த்தால் மூன்றும் பிரன்ஸ்விக் என்ற ஒரே அமெரிக்க கம்பெனியுடையவை. 1845இல் தொடங்கிய கம்பெனி, ஆரம்பத்தில் செய்தது பில்லியர்ட்ஸ் மேசை. மெர்க்குரி எஞ்சினும் அவர்களுடையதுதான். மூன்று கொட்டேஷன் வாங்கி மூன்றும் ஒரே ஓனருடையது என்று தெரிந்தால் எங்கள் ஆடிட்டர் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாஸ்டன் வேலரின் கதை மட்டும் மனதில் நின்றது. 1961இல் லைஃப் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. கம்பெனியை ஆரம்பித்த டிக் ஃபிஷர் கோட்டு சூட்டோடு பதின்மூன்று அடி போட்டில் உட்கார்ந்திருக்க, போட்டை நடுவில் ரம்பம் வைத்து இரண்டாக அறுக்கிறார்கள். எஞ்சின் இருக்கும் பாதி தனியாக ஓடிப்போகிறது. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே நுரை அடைத்திருப்பதால் எந்தத் துண்டும் மூழ்காது. விளம்பரம் என்றால் இது! சி.எஸ்.ஸில் 'பாதுகாப்பு' என்ற காலத்தில் அதற்குப் பத்துக்குப் பத்து போட்டேன்.

அப்புறம் எஞ்சின். யமஹா, சுசுகி, ஹோண்டா, மெர்க்குரி. பழைய டூ ஸ்ட்ரோக் எடை குறைவு, ரிப்பேர் சுலபம், ஆனால் பெட்ரோலில் கணிசமான பங்கை எரிக்காமலே தண்ணீருக்குள் துப்பும். ஃபோர் ஸ்ட்ரோக் சத்தம் குறைவு, விலை அதிகம். எவின்ரூட் என்று ஒரு பழம்பெரும் பெயர் இருந்தது, 2020இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி வாங்கியவர்களின் புலம்பலைப் படித்தபிறகு 'ஸ்பேர் கிடைக்குமா' என்று இன்னொரு காலம் சேர்த்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே குதிரைத்திறன். அந்த வார்த்தையே ஒரு சி.எஸ். என்பது அப்போதுதான் உறைத்தது. ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினை விற்க, ஒரு குதிரை செய்யும் வேலையோடு ஒப்பிட்டு அந்த அலகை உருவாக்கினார். குதிரையை வைத்து வேலை வாங்குகிறவனுக்குப் புரியும் மொழி. எத்தனை குதிரையை இது மிச்சப்படுத்தும் என்று அவனுக்குத் தெரிந்தால் போதும். குதிரைக்கு எவ்வளவு வலிக்கும் என்பது அந்த அலகுக்குள் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் வாட்டுக்கு இல்லை. ஒப்பீடு என்றாலே இப்படித்தான். வேறு வேறு பொருட்களை ஒரே கோலால் அளக்க, அந்தக் கோலுக்குள் வராததை வெட்டி எறிய வேண்டும். வெட்டி எறிந்ததை யாரும் கணக்கு வைப்பதில்லை.

ஷீட் முடிந்தது. பதினான்கு காலம். முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். "வா, இடத்தையும் பாத்துட்டு வந்துரலாம்" என்று ஞாயிறு காலை பொன்னேரி வழியாகக் காரில் கூட்டிப்போனார்.

பழவேற்காடு ஏரியைப் படத்தில் பார்ப்பவர்கள் கடல் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிதான். பரப்பு பெரிசு, ஆழம் கிடையாது. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர், வெயில் காலத்தில் அதுவும் இல்லை. முகத்துவாரம் மண் மூடிக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, மீனும் வராது. கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் முதலாளி பேச்சுக் கொடுத்தார். என் ஷீட்டை போனில் திறந்து படத்தைக் காட்டினார். பெரியவர் ரசித்துத்தான் பார்த்தார். மெஷின் என்றால் அவருக்கும் ஆசை இருக்கும் போல. யமஹாவை ஒரு வார்த்தை பாராட்டினார். அப்புறம் கேட்டார்.

"நல்லாத்தான் கீது சார். இது இன்னா ஸ்பீடு போவும்?"

முதலாளி சொன்னார்.

"அத்தினி ஸ்பீடுல போனா, தண்ணியில ஒக்காந்துனு கீறவங்கள எப்டி சார் பாப்பீங்க?"

எங்களுக்குப் புரியவில்லை. அவர் கையை நீட்டிக் காட்டினார். தூரத்தில் ஏழெட்டுக் கறுப்புப் புள்ளிகள். நான் நீர்க்காகம் என்று நினைத்தேன். பெண்கள். கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. இரண்டு கையும் சேற்றுக்குள் வேண்டும் என்பதால் பறியை வாயில் கவ்விக்கொள்கிறார்கள். வாயில் பறி இருக்கும்போது கத்தவும் முடியாது. இருளர் பெண்கள், வலையோ படகோ வாங்க வழியில்லாத மற்றவர்கள். எங்கள் சிப்காட்டிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில் இப்படி ஒரு வேலை இருப்பது ஆறு வருஷத்தில் எனக்குத் தெரியாது.

என் பதினான்கு காலத்தில் அவர்களுக்கு இடமில்லை. மேலே தெரிவது தலை மட்டும். அந்தத் தலை எந்த பிராண்டின் கேட்லாக்கிலும் இல்லை, இருக்கவும் முடியாது. கேட்லாக்கில் தண்ணீர் எப்போதும் நீலமாக, காலியாக இருக்கும்.

திரும்பும்போது காரில் பேச்சு 2011க்குப் போனது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப்பார்க்க வந்தவர்களை ஏற்றிப் போன மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தில் தானூரிலும் 22 பேர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினார்கள். முதலாளி சொன்னார், "அதுக்குத்தான் சொல்றேன், கண்ட போட்டுல போவக்கூடாது. நல்ல பிராண்டு வாங்கணும்." அவர் சொன்னது சரி. நல்ல பிராண்டு உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானாக நிற்க இடுப்பில் மாட்டும் கில் ஸ்விட்ச் கயிறு இருக்கிறது. 2021 ஏப்ரலிலிருந்து அமெரிக்காவில் சின்ன போட்டுகளில் அதைப் பயன்படுத்துவது கட்டாயம். இரண்டாக அறுத்தாலும் மூழ்காத உடம்பு இருக்கிறது. நான் போட்ட பத்துக்குப் பத்து இதற்குத்தான். 'பாதுகாப்பு' என்று எழுதும்போது 'யாருக்கு' என்ற வேற்றுமை உருபை நான் விட்டுவிட்டேன்.

இது அறியாமையா, குற்றமா? அங்கேதான் நான் பல நாள் மாட்டிக்கொண்டேன். தெரியாமல் விட்டது எப்படிக் குற்றம் என்று கேட்கலாம். ஆனால் ஸ்பேர் கிடைக்குமா என்பதும் எனக்கு முதலில் தெரியாதுதானே? தேடித் தெரிந்துகொண்டேன். மறுவிற்பனை விலை, உப்புத் தண்ணீரில் துரு, டிரெய்லரின் டயர் வரை தேடினேன். வாங்குகிறவருக்கு வலிக்கக்கூடிய எல்லா இடத்தையும் தொட்டுப் பார்த்த கை, அந்தத் தண்ணீர் பக்கம் போகவே இல்லை. தெரியாமல் இருந்தது தற்செயல் இல்லை. தேடும் திசையே தெரியாமல் இருப்பதற்கு வசதியாக அமைந்திருந்தது. நேர்மையாகச் செய்த வேலையிலேயே இது நடந்தது என்பதுதான் கஷ்டம். எந்த டீலரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காமல் போட்ட ஷீட் அது.

அடுத்த வாரம் தனியாகப் போனேன், அதே பெரியவரைப் பார்க்க. பேச்சுவாக்கில் பாடு பற்றிச் சொன்னார். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நிறைய விழும் இடங்கள் சில. அவற்றில் வலை போடும் உரிமை கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் என்ற கிராமங்களுக்கு முறை வைத்து வருகிறது. இன்று யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டும் முறையும் தீர்மானிக்கும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதே மாதிரி சீட்டுப் போடும் வழக்கம் இருக்கிறது.

"எது நல்ல எடம்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "தெரியும் தம்பி. எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சதாலதான சீட்டு?"

வண்டியை நிறுத்தி அதை போனில் எழுதி வைத்துக்கொண்டேன். என் தொழிலின் அடிப்படையையே அது இடித்தது. சிறந்தது எது என்று கண்டுபிடித்தால் அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் சி.எஸ்.ஸின் சொல்லாத விதி. இங்கே சிறந்தது எது என்று எல்லோருக்கும் தெரிகிறது, ஆனாலும் தெரிந்துவிட்டதால் அது யாருக்கும் சொந்தமாகிவிடவில்லை. ஒப்பீடு நடந்தே இருக்கிறது, என்னுடையதைவிட நுணுக்கமாக. அதன் முடிவைத் தனி ஆள் கையில் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

உடனே கும்பிடு போடவும் முடியவில்லை. பாட்டில் பங்கு வாங்கத் தலைக்கட்டாக இருக்க வேண்டும், அந்த ஊரில், அந்தச் சாதியில் பிறந்த ஆணாக இருக்க வேண்டும். தண்ணீரில் உட்கார்ந்து பறியைக் கவ்வியிருக்கும் அந்தப் பெண்களுக்குச் சீட்டு கிடையாது. கேட்டபோது பெரியவர், "அவங்க கை வேல, அது வேற" என்றார். தலைக்கட்டு என்கிற சொல்லிலேயே தலை இருக்கிறது, ஆனால் எந்தத் தலை என்பதை அவரும் ஒரு ஷீட் போட்டுத்தான் வைத்திருக்கிறார். என்னைவிட அவர் ஒரு காலம் அதிகமாகப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அந்த ஒரு காலம் பெரிய விஷயம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை ஷீட்டில் பதினைந்தாவது காலம் சேர்த்தேன். தலைப்பு: 'தண்ணீரில் இருப்பவர்கள்'. எல்லா பிராண்டுக்கும் நேராக ஒரே பதில்தான் எழுத முடிந்தது: ஆழமில்லாத ஏரியில் இந்த வேகத்தில் ஆபத்து. எல்லா வரியிலும் ஒரே பதில் வரும் காலத்தை நாங்கள் பொதுவாக நீக்கிவிடுவோம், ஒப்பிட உதவாது என்பதால். நான் நீக்காமல் அனுப்பினேன்.

முதலாளி கூப்பிட்டார். கோபம் இல்லை, ஆனால் குரல் ஏறியிருந்தது. "ஏன் தம்பி, அந்தாண்ட காமராஜர் துறைமுகம், இந்தாண்ட காட்டுப்பள்ளி, நடுவுல அனல்மின் நிலையம். அத்தனையும் அந்த ஜனங்க மேலதான நிக்குது? அங்க எல்லாம் எவன் பதினஞ்சாவது காலம் போட்டான்? என் ஒரு போட்டாலதான் ஏரி கெட்டுடப் போவுதா?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அவர் சொல்வதில் நியாயம் உண்டு. பெரிய துறைமுகத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு, ஒரு மனிதனின் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் அறம் பேசுவது கோழைத்தனம். அந்தத் துறைமுகத்தில் இறங்கும் இரும்பில்தான் எங்கள் லேத் ஓடுகிறது, என் சம்பளம் வருகிறது. ஆனால் ஒன்று மட்டும் சொன்னேன். "சார், துறைமுகத்துக்கு சி.எஸ். போட்டது நான் இல்ல. இதுக்கு நான்தான் போட்டேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பெரிய கெடுதலைக் காட்டிச் சின்னக் கெடுதலைக் கழித்துக்கொள்வது எங்கள் கணக்கில் செல்லாது என்று அவருக்கும் தெரியும். பெரிய சப்ளையர் ஏமாற்றினார் என்பதற்காகச் சின்ன சப்ளையரின் கட்டிங் ஆயிலில் தண்ணீர் கலந்திருப்பதை அவர் ஒரு நாளும் விட்டதில்லை.

"சரி, பழவேற்காடு வேணாம். முட்டுக்காட்டுல வெச்சுக்கலாம். அங்கதான் கவர்மென்ட் போட் ஹவுஸே இருக்கே."

"அங்கயும் ஆழம் கம்மி சார். கையால எறா புடிக்கிறவங்க அங்கயும் இருப்பாங்களானு பாக்கணும்."

"நீயே போய்ப் பாத்துட்டு வா" என்றார். வண்டிக்கு பெட்ரோல் கம்பெனிக் கணக்கு. இந்த ஞாயிறு போகிறேன். தண்ணீர் வற்றும் நேரம் என்றால் தலைகள் தெரியும் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் கிளம்ப வேண்டும்.