ஹக்கின் மனச்சாட்சி

மனச்சாட்சியின்படி நடக்குமாறு மாணவர்க்கு நாம் ஓயாது உபதேசிக்கின்றோம். அம்மனச்சாட்சியே அநீதியின் பக்கம் நின்றால் என் செய்வது? சிறுவர் கதையென்று பலர் ஒதுக்கிவிடும் மார்க் ட்வெயினின் 'ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்' என்னும் அமெரிக்க நாவலைப் படிக்குந்தோறும் இவ்வினாவே எம்மை அலைக்கழிக்கின்றது.

1884ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதன்முதல் வெளிவந்த இந்நூல், 1865இல் அடிமைமுறை ஒழிக்கப்படுவதற்குச் சில பத்தாண்டுகள் முந்திய காலத்தைச் சித்திரிக்கின்றது. குடிகாரத் தந்தையிடமிருந்து தப்பிய வெள்ளைச் சிறுவன் ஹக்கும், தன்னை 800 டாலருக்கு விற்க எசமானி எண்ணுவதைக் கேட்டு ஓடிவந்த அடிமை ஜிம்மும் மிசிசிப்பி நதியில் ஒரே தெப்பத்திற் செல்கின்றனர். இடையிற் சேர்ந்த எத்தனொருவன் 40 டாலருக்காக ஜிம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றான். அப்பொழுதுதான் ஹக்கின் மனச்சாட்சி விழித்துக்கொள்கின்றது. தனக்கு எழுத்தறிவிக்க முயன்ற மிஸ் வாட்சனின் 'உடைமை'யைத் திருடிவிட்டோமே என்று அது அவனைக் குத்துகின்றது. ஜிம் இருக்குமிடத்தை அவளுக்கு அறிவித்துக் கடிதம் எழுதுகின்றான். பாவம் கழுவப்பட்டதாக மகிழவும் செய்கின்றான். ஆனால், தான் உறங்கவேண்டுமென்று தன் முறைக்கும் சேர்த்துக் கண்விழித்துக் காவலிருந்த ஜிம் நினைவில் வந்து நிற்கின்றான். கடிதம் கிழிகின்றது. நரகம் புகவும் சிறுவன் துணிகின்றான்.

அடிமைமுறை தவறென்று ஹக் கூறுவதில்லை. தான் பாவம் செய்வதாகவே நம்புகின்றான். அந்த நம்பிக்கையை அவனுள் விதைத்தவர் யார்? அடிமையைச் சொத்தென்ற சட்டமும், அதற்கு வேதத்தில் ஆதாரங்காட்டிய பிரசங்க பீடமுமே. மனச்சாட்சி என்று அவன் மயங்கியது உடைமையாளரின் குரலே.

அவ்வாறாயின், அன்புணர்ச்சி ஒன்றே போதுமா? போதாது என்பதே எமது கருத்து. செவிடானதை அறியாது தன் சிறுமகளை அடித்ததை எண்ணி ஜிம் கதறும்போது, கறுப்பனும் வெள்ளையனைப்போல் தன் குடும்பத்தை நேசிப்பானா என்று ஹக் வியக்கின்றான். ஒரே தெப்பத்தில் வாழ்ந்தமையால் ஒரு ஜிம்மை அறிந்தான். கரையிலே பருத்தி பறித்த இலட்சக்கணக்கானோர் அவன் நெஞ்சைத் தொடவில்லை.

நாவலின் இறுதிப்பகுதி எமக்கு ஏமாற்றமே. எசமானி தன் மரணசாசனத்தில் ஜிம்மை முன்னரே விடுவித்துவிட்டாள். இதை அறிந்தும் டொம் சோயர் அவனை அடைபட்ட குடிசையில் வைத்து 'மீட்பு' விளையாட்டு நடத்துகின்றான். போராடிப் பெறவேண்டிய விடுதலை எசமானியின் தயவாகச் சுருங்கிவிடுகின்றது. (1885இல் கொன்கோர்ட் நகர நூலகம் இந்நூலை விலக்கியபோது, அவர்களுக்கு உறுத்தியது இதுவன்று, நூலின் 'நாகரிகமற்ற' கொச்சை நடையே!)

ஹக்கின் மனச்சாட்சி பற்றி இத்தனை அறிந்த நாம், ஜிம்மின் நெஞ்சில் நிகழ்ந்ததை அறியோம். கறுப்பின எழுத்தாளரான பெர்சிவல் எவரெட் 2024இல் வெளியிட்ட 'ஜேம்ஸ்' அதே பயணத்தை ஜிம்மின் வாயாற் கூறுகின்றது. அதில் அவன் எழுதப் படிக்க வல்லவன். வெள்ளையர் செவிக்கென்றே கொச்சைமொழி பேசுகின்றான், அம்மொழியைப் பிள்ளைகளுக்கும் பயிற்றுகின்றான், அவர்கள் உயிர்தப்ப வேண்டுமே என்று.