அறிவை அளக்கும் கோல் யாருடையது?

எச்.ஐ.வி. கிருமி உடம்பின் எதிர்ப்பாற்றலைக் கெடுப்பதோடு நில்லாது, தொற்றிய சின்னாட்களிலேயே மூளைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. நாடோறும் மருந்துண்போரிடம் கொடிய அறிவிழப்பு இன்று அரிதாயிற்று. எனினும் சிலரிடம் நினைவு தளர்கிறது; கைவேகம் குறைகிறது. இதனை உறுதிப்படுத்தத் தனியொரு இரத்தச் சோதனை இல்லை. ஆதலின், மருத்துவர் கேள்விகளாலும் சிறு செயல்களாலும் நோயாளியைச் சோதிக்கிறார். அதில் ஒருவர் தேறவில்லையெனில், அவரை அறிவு குன்றியவர் என்று சொல்ல நமக்கு நியாயமுண்டா?

2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் உகாண்டாவிலும் ஒரு சிறு சோதனையை நடத்திப் பார்த்தனர். நாய், தொப்பி, அவரை, சிவப்பு என நான்கு சொற்களைச் சொல்லி வைப்பர். பழக்கமில்லாத கையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரைந்து தட்டச் செய்வர். அக்கையையே மேசைமேல் முட்டியாகவும், விரித்தும், பக்கவாட்டிலும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்வர். பிறகு அந்நான்கு சொற்களையும் கேட்பர். மொத்தம் 12 புள்ளி; 10 அல்லது அதற்குக் கீழ் வந்தால் ஐயம். எழுத்தறியாதாரையும் சோதிக்கலாம் என்பது இதன் பெருமை. பெருமைதான்! ஆனால் நோயுற்றோரில் நூற்றுக்கு 80 பேரைக் கண்டுபிடித்த இக்கோல், உகாண்டாவில் அறிவிழப்பு இல்லாதாரிலும் நூற்றுக்கு 45 பேரை ஐயத்திற்குரியோர் ஆக்கிவிட்டது. வலை வீச இது போதும். தீர்ப்புக் கூறப் போதாது.

விரிவான சோதனைகளிலும் சங்கடமுண்டு. 2007-இல் வகுத்த விதிப்படி, அறிவின் இரண்டு துறைகளில் சராசரிக்குச் சற்றுக் கீழிருந்தாலே, அன்றாட வாழ்வில் யாதொரு குறையுமில்லாதவருக்கும் குறைபாட்டின் பெயர் சூட்டலாம். யாருடைய சராசரி? வயதும் கல்வியும் ஒத்தாரோடு ஒப்பிடுக என்று அவ்விதியே சொல்கிறது. ஒத்தாரின் கணக்கு எல்லா நாட்டிலும் எல்லா மொழியிலும் எடுக்கப்பட்டதா? கல்லூரி கண்டவரின் அளவைக்கொண்டு, தோட்டப் பள்ளியில் ஆறாண்டு படித்துப் பால்மரம் சீவப் போனவரை அளந்தால், வெளிப்படுவது கிருமியின் வேலையா, அவருக்குப் பள்ளிக் கதவை மூடிய சமூகத்தின் வேலையா? நோயின் பெயராலேயே இழிவு சுமப்பவர்மேல் இரண்டாவது இழிவையும் ஏற்றுகிறோம்.

அப்படியாயின் சோதனையே வேண்டாம் என்பாரும் உளர். அதை யான் ஒப்பேன். மறதியால் மருந்து வேளை தவறினால் கிருமி மீண்டும் தலையெடுக்கும். மனச்சோர்வோ உறக்கக்கேடோ காரணமாயின் அதற்குப் பரிகாரமும் உண்டு. சோதியாமல் விட்டால் இவற்றை யார் காண்பது?

குறைந்த புள்ளி ஒன்றையே கொண்டு குறைபாடு எனப் பெயரிடலாகாது என்று 2023-இல் பன்னாட்டு ஆய்வாளர் குழுவொன்று பரிந்துரைத்தது. நன்று. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் அப்பெயரைச் சூட்டிக்கொண்டு வீடு திரும்பியவர்களிடம், அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம் என்று சொல்லப் போவது யார்?