தாயின் சொல்லும் மருத்துவரின் செவியும்

நோயுற்ற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் மருத்துவரின் முன் அமர்கிறாள். இரவும் பகலும் அக்குழந்தையோடு இருப்பவள் அவள். நூல்களைக் கற்றவர் அவர். இவ்விருவரின் அறிவும் மாறுபடும்போது எது எதற்கு வழிவிட வேண்டும்? இது மருத்துவக் கேள்வி மட்டுமன்று, அறத்தின் கேள்வியுமாகும்.

சீலியாக் நோயின் வரலாறு இக்கேள்விக்குத் தக்கதோர் உரைகல். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. பிறவியிலேயே இந்நோய்க்கு ஆளாகும் இயல்புடைய சிலர் அதனை உண்ணும்போது, உடலைக் காக்க வேண்டிய ஆற்றலே சிறுகுடலைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்ணிய பகுதிகள் தேய்ந்துபோகின்றன. வயிறு உப்புகிறது, கைகால்கள் மெலிகின்றன, வளர்ச்சி தடைப்படுகிறது. சில குழந்தைகளுக்கு வயிற்றுக் கோளாறே தெரிவதில்லை. தீராத சோகையும் உயரக் குறைவுமே அடையாளம். எனவே, "உங்களுக்கு வீண் கவலை" என்று பெற்றோரைத் திருப்பி அனுப்பிவிடுவது எளிது.

இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ 1888-இல் இந்நோயைத் தெளிவாக விவரித்தார். குணம் உண்டெனில் அது உணவின் வழியேதான் என்பதும் அவர் முடிவு. ஆனால், எந்த உணவு பகை என்பது அவருக்குப் புலப்படவில்லை. 1924-இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் வாழைப்பழப் பத்தியத்தை வெளியிட்டார். ரொட்டி அதில் விலக்கப்பட்டிருந்தது, குழந்தைகள் தேறினர். புகழோ வாழைப்பழத்துக்குப் போயிற்று. தேறிய குழந்தை பழைய உணவுக்கே திரும்பலாம் என்ற நம்பிக்கையும் உடன் வளர்ந்தது. கருணை இருந்தது, காரணம் பிடிபடவில்லை.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் குழந்தை மருத்துவராக இருந்தவர் வில்லெம் டிக்கே. ரொட்டியை நிறுத்தியதும் தன் குழந்தை நலமடைவதாக ஒரு தாய் கூறிய சொல்லே, 1930-களில் அவர் சிந்தனையைத் தூண்டியது என்பர். அச்சொல்லை அவர் எள்ளி நகையாடவில்லை, அப்படியே ஏற்றுக்கொள்ளவுமில்லை. கோதுமையை விலக்கியும் மீண்டும் கொடுத்தும், குழந்தைகளின் எடையையும் வளர்ச்சியையும் ஆண்டுக்கணக்கில் குறித்துவந்தார். 1941-இல் கோதுமையற்ற உணவு பற்றி எழுதினார். 1944-45-இன் கொடிய பஞ்சக் குளிர்காலத்தில் நாட்டில் ரொட்டி அரிதாயிற்று. அந்நாள்களின் அனுபவமும் அவர் கருத்துக்கு வலுவூட்டியது. 1950-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில் தம் முடிவை நிலைநாட்டினார்.

தாயின் சொல் சான்றாயிற்று. மருத்துவரின் பொறுமை அதனை அறிவாக்கிற்று. இரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் உண்மை வெளிப்பட்டிராது அன்றோ?

ஆகவே, நமக்குத் துணைநிற்கும் மருத்துவர் யார்? நாம் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பவர் அல்லர். ஐயம் எழுந்தவுடன் கோதுமையை நிறுத்திவிட வேண்டும் என்று தாயுள்ளம் துடிக்கும். நல்ல மருத்துவரோ, "சோதனை முடியும்வரை நிறுத்தாதீர்கள்" என்பார். முன்னதாகவே நிறுத்திவிட்டால் இரத்தச் சோதனையும் குடல் திசுச் சோதனையும் நோயை மறைத்துக் காட்டக்கூடும். அச்சொல் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால், காரணத்தை விளக்கி, சோதனையைத் தாமதமின்றி நடத்தி, அந்த நாள்களின் துன்பத்தைத் தாமும் உணர்ந்து பேசுவாராயின், அதுவே மெய்யான ஆதரவு. சோதிக்காமலே "ஒன்றுமில்லை" என்பதும், சோதிக்காமலே "இதுதான்" என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

நோய் உறுதியான பின்னும் அவர் பணி முடிவதில்லை. பத்தியம் வாழ்நாள் முழுவதற்கும் உரியது. எடையையும் உயரத்தையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். உடன்பிறந்தோரையும் சோதிக்க வேண்டும். "விருந்தில் எல்லோரும் உண்ணும்போது நான் மட்டும் ஏன்?" என்று குழந்தை கேட்கையில், அதனிடமே பேசி விளங்கவைக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். உண்டதையும் விளைந்ததையும் எழுதி வைக்க வேண்டும். நம் ஐயம் தவறென்று சோதனை காட்டினால் அதையும் ஏற்க வேண்டும். நாம் இவ்வளவும் செய்த பின்னரும் செவிசாய்க்க மறுப்பவரிடமிருந்து எழுந்து வேறொருவரை நாடுவது நன்றிகேடு ஆகாது. தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாத குழந்தைக்காகச் செய்யும் கடமை அது.