இல்லை என்பதற்கு எது சாட்சி?

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து இணையதளங்களைச் சோதிப்பது என் தொழில். புதுப் பிள்ளைகளுக்குச் செலினியம் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியைச் சொல்லிக்கொடுக்கும்போது உள்நுழைவுப் பக்கத்தில்தான் தொடங்குவேன். நிரல் தானே பெயரையும் கடவுச்சொல்லையும் நிரப்பும், பொத்தானை அழுத்தும், ‘பிழைச்செய்தி இல்லை’ என்று கண்டு பச்சை காட்டும். ஆனால் பக்கமே இன்னும் வந்து சேரவில்லை என்றால்? வெற்றுத் திரையிலும் பிழைச்செய்தி இருக்காதே! அதற்கும் பச்சைதான்.

இல்லை என்பதற்கு எது சாட்சி என்ற கேள்வி பழையது. குமாரிலர் என்ற தத்துவ ஆசிரியரின் வழிவந்த மீமாம்சகர்கள் இன்மையை அறிய அநுபலப்தி (காணாமை) என்று தனி அளவையே, அதாவது அறியும் வழியே, வைத்தார்கள். இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும், அப்போதுதான் காணாமை சாட்சியாகும். இருட்டறையில் பானையைக் காணோம் என்பது செல்லாது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியிலும் அபாவம், அதாவது இன்மை, பேசப்படுகிறது. அந்நூலுக்கு உரை கண்ட சிவஞான முனிவர் எங்கள் தாமிரபரணிக் கரை விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். எனக்கு அதில் பெருமை உண்டு. கடவுளைக் காணோம் என்பவர்களிடமும் நான் கேட்பது இதுதான்: எங்கே நின்று, எதைக்கொண்டு பார்த்தீர்கள்?

அதனால்தான் பிள்ளைகளிடம் முதலில் காத்திருக்கச் சொல்கிறேன். பயனர் பெயர் திரையில் தெரியும்வரை நிரல் நிற்கட்டும், பிறகு இல்லை என்று சொல்லட்டும். அதே நிரலுக்குத் தவறான கடவுச்சொல்லைக் கொடுத்து, சிவப்பு வருவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த பக்கத்துக்குப் போகவிடுவேன்.