தையல் தெரியும் கதை

ஒரு டீ-சர்ட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, கழுத்துப் பட்டி என்று குறைந்தது ஐந்து துண்டுகள் வேண்டும். பெயருக்கு முன்னால் எண்ணைச் சுமக்கும் அபூர்வமான ஊர்களில் ஒன்று 15 வேலம்பாளையம். 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. அங்குள்ள பனியன் கம்பெனிகளில் வெட்டிய துண்டுகளுக்கு நம்பர் ஒட்டுவார்கள். ரோலுக்கு ரோல் சாயம் இம்மி மாறலாம் என்பதால், ஒரே அடுக்கில் வெட்டியவற்றை ஒன்றாகவே தைக்க வேண்டும். துண்டு துண்டானது என்பதை மறைப்பதுதான் அந்தத் தொழிலின் நேர்த்தி. மிஞ்சும் கட்டிங் வேஸ்டை நிறம் பிரிப்பார்கள். ஒரே நிறமானது பஞ்சாகக் கிழிபட்டு, மறுபடி சாயம் போடத் தேவையில்லாத நூலாகும். பல நிறம் கலந்தது ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய்க் கை துடைக்கப் போகும். பக்கத்து அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பேர்போனது. பித்தளையோ உருகிவிட்டால் பழைய குடத்தை மறந்துவிடும். மறைப்பது, கிழிப்பது, உருக்குவது: பழையதை நாம் கையாளும் வழிகள் பெரும்பாலும் இவைதாம். துண்டுகளைத் துண்டுகளாகவே அருகருகே வைத்து, ஓரமும் தையலும் தெரிய விடுவது இன்னொரு வழி. ஓவியர்கள் அதைக் கொலாஜ் என்கிறார்கள். ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்ல இவற்றில் எது உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது கலைக் கேள்வி மட்டுமல்ல, சமயக் கேள்வியும்கூட.

1912இல் பிக்காசோவும் பிராக்கும் படத்தில் அச்சுத்துணியையும் சுவர்த்தாளையும் ஒட்டியதைத்தான் ஐரோப்பிய வரலாறு தொடக்கமாகச் சொல்கிறது. துறவிகள் பல நூற்றாண்டுகள் முந்திக்கொண்டுவிட்டார்கள். நம் சடங்குகள் கேட்பது முழுத்துணி: கிழியாத, தைக்காத கோடி. புத்த சங்கம் இதை நேர் எதிராகத் திருப்பியது. குப்பையிலும் சுடுகாட்டிலும் பொறுக்கிய துணி அதற்கு ஏற்புடையது. மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, அதுபோலத் துறவியின் உடையான சீவரத்தை அமைக்க முடியுமா என்று புத்தர் கேட்டதாகவும், ஆனந்தர் அப்படியே வெட்டித் தைத்ததாகவும் விநய பிடகம் சொல்கிறது. நல்ல துணி கிடைத்தாலும் வெட்டியே தைக்க வேண்டும். வெட்டியதைத் திருடன்கூட விரும்ப மாட்டான் அல்லவா! சூஃபிகளின் ஒட்டுப்போட்ட அங்கிக்கும், முகலாய அரண்மனைகளில் ஓவியத்தையும் எழுத்தையும் ஒட்டிச் சேர்த்த ஏட்டுக்கும் வேர் ஒரே சொல்தான்: முரக்கா, ஒட்டுப்போட்டது. ஆக, வரப்பும் ஓரமும் அங்கே அலங்காரமல்ல. ‘இது என்னிடமிருந்து தொடங்கியதல்ல, பல இடத்திலிருந்து வந்தது’ என்று உடுத்தியவர் வாய் திறக்காமல் ஒப்புக்கொள்வது அது.

ஆன்மா ஒன்றுதானே, அதன் கதை மட்டும் எப்படித் துண்டுகளாக இருக்கும் என்று கேட்கலாம். பௌத்தரிடம் கேட்டால் ஒன்றென்று எதுவுமில்லை என்று முடித்துவிடுவார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. உயிர் என்றும் உள்ளது என்று உறுதியாக நம்பும் சைவ சித்தாந்தமே, அது சார்ந்ததன் வண்ணமாவது என்கிறது. உயிர் ஒன்றாக இருக்கட்டும். சொல்லத்தக்க கதையெல்லாம் அது எவற்றைச் சார்ந்தது, எந்த நிறத்தை ஏற்றது என்பதில்தான் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ திருப்பூரின் தையல் மெஷினுக்கு வந்து சேர்ந்தவரின் வாழ்க்கையை ஒரே நிற நூலாக நூற்றுவிட முடியும். அதற்கு முதலில் அதைக் கிழிக்க வேண்டியிருக்கும்.

இதைவிட வலுவான மறுப்பு வேறு. ஒட்டுபவர் தனக்குப் பிடித்ததை எடுக்கிறார், பிடிக்காததை விடுகிறார். பிறகு உண்மை எங்கே? நியாயமான சந்தேகம்தான். ஆனால் தொடர்ச்சியாக எழுதிய தன்வரலாறும் அதையே செய்கிறது, வெட்டிய இடத்தை வாக்கியங்களால் மூடிவிட்டு. கொலாஜில் வெட்டு வெளியே கிடக்கிறது. ரேஷன் கார்டின் நகல் பெரிதாகவும் கல்யாணப் படம் சிறிதாகவும் இருந்தால், ஏன் என்று பார்ப்பவர் கேட்டுவிடலாம். நடுவே வெறும் தாள் விட்டிருந்தால், சொல்லாதது ஒன்று உண்டென்றாவது தெரியும். அளவு, இடைவெளி, ஓரம், நிறம் என்று வடிவமைப்பாளர்கள் சொல்பவை இங்கே ஒருவகை ஒப்புதல் வாக்குமூலம். ஐம்பதைத் தாண்டியபின் பார்வையை இழந்த சாந்திநிகேதன் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி, அதன்பிறகும் வண்ணத்தாளை வெட்டி ஒட்டிப் படம் செய்தார். சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றிப் படமே எடுத்தார். கண்ணுக்கு எட்டாத ஓரம் விரலுக்கு எட்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்: ஒட்டுப்போடுவதும் பகட்டாகிவிடும். ஆல்பக் கடைகளில் செயற்கையாகப் பழுப்பேற்றிய தாள் விற்பது அதற்காகத்தான். பதினோராம் நூற்றாண்டில் லாகூரில் வாழ்ந்த சூஃபி ஹுஜ்வீரிக்கு இந்த எரிச்சல் அப்போதே இருந்தது. பேருக்காக ஒட்டங்கி போடுபவர்களைச் சாடும் அவர், சரியான ஒட்டு எது என்ற கேள்விக்குத் தாமே தந்த விளக்கத்தையும் பதிந்திருக்கிறார். அழகுக்கல்ல, இல்லாமையால் தைத்த ஒட்டே சரியான ஒட்டு. அப்படித் தைத்தது கோணலாக இருந்தாலும் நேர்தான் என்பது அதன் சாரம்.