மேட்டு வீட்டான் கேட்கும் கேள்வி

ஏரி உடைந்தால் ஊரே கூடி அழுகிறது. உடையுமுன் கரையைப் பலப்படுத்தப் பணம் கேட்டால், ஊரே கதவைச் சாத்திக்கொள்கிறது! “என் வீடு மேட்டில் இருக்கிறது. பள்ளத்துக் குளத்துக்கு நான் ஏன் பங்கு தரவேண்டும்?” இப்படிக் கேட்பவனைக் கருமி என்று ஏசிவிட்டுப் போவது எளிது. ஏசுவது பகுத்தறிவாளர் வேலையன்று. எடைபோட்டுப் பார்ப்பதே நம் வேலை.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே, நெடுஞ்சாலையோரத்துக் குருபரப்பள்ளியை எண்ணிப் பாருங்கள். சிப்காட் வந்தது, ஆலைகள் வந்தன, அவற்றை அடுத்து மனைப்பிரிவுகளும் வந்தன. வரட்டும், வரவேற்போம்! வானம் பார்த்த பூமியில் வேலைவாய்ப்பு விளைவது நல்ல செய்திதான். ஆனால், நேற்றுவரை மழையைக் குடித்த மண்ணின் வாயைக் கான்கிரீட்டால் அடைத்துவிட்டோம். மண் குடிக்காத நீர் எங்கே போகும்? பள்ளத்தை நோக்கித்தான் பாயும்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 சதுர அடிக் கூரையின்மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், 11,000 லிட்டருக்கு மேல் நீர் இறங்குகிறது. ஒரு ஏக்கர் பரப்புள்ள ஆலைக் கூரையில் அதே மழை பெய்தால், 4 லட்சம் லிட்டர்! 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, இதே மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையில் நின்ற ஊர்திகளை வெள்ளம் உருட்டிச் சென்றதை நாடே பார்த்தது. அப்படியொரு நாளில் மேட்டு வீட்டின் கூரை மட்டும் 55,000 லிட்டரைக் கீழே தள்ளும். மேட்டு வீட்டானைத் தேடி வெள்ளம் வராமலிருக்கலாம். பள்ளத்துக்கு வெள்ளத்தை அனுப்புவோரில் அவனும் ஒருவன்! ஆகவே அவன் தரும் பங்கு தருமமன்று, கடன்.

கடன் என்றால் அளவு வேண்டாமா? ‘வீட்டுக்கு இவ்வளவு’ என்று ஆலைக்கும் குடிசைக்கும் ஒரே தொகையை விதிப்பது சமத்துவம்போலத் தோன்றும். உண்மையில் அது அநீதி. ஜெர்மனியின் நகரங்கள் பலவற்றில், நீர் புகாதபடி மூடிய தரையின் பரப்பைக் கொண்டு மழைநீர்க் கட்டணம் விதிக்கிறார்கள். மண்ணை மூடியவன் மிகுதியாகத் தரட்டும். மண்ணை விட்டுவைத்தவன் குறைவாகத் தரட்டும். இதுவே அறிவுக்கு ஒத்த அளவுகோல்.

“வரி கட்டுகிறோமே, அரசு செய்யட்டுமே!” என்பார் சிலர். அரசு செய்யவேண்டும், செய்யாவிட்டால் தட்டிக் கேட்கவேண்டும். ஆனால், வரத்துக் கால்வாயில் குப்பை கொட்டும் கை அரசின் கையன்று. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தைப் புதுப்பித்தபோது, செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசன விவசாயிகள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தரவேண்டும் என்று வகுத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் ‘குடிமராமத்து’ என்ற சொல்லைக் கேட்டதும், பொற்காலம் திரும்பியதாகப் புளகாங்கிதம் கொள்வோர் உண்டே, அவர்களிடம் இரண்டொரு கேள்விகள் கேட்கவேண்டும்.

உத்தரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த பராந்தகன் காலக் கல்வெட்டுகள், அறுவர் கொண்ட ஏரி வாரியத்தைப் பேசுகின்றன. வாரியத்தில் அமர வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சியும் வேண்டும்! மண் சுமந்தவனுக்கு இவற்றில் எது இருந்தது? வெள்ளையர் ஆட்சியில் வந்த 1858-ஆம் ஆண்டுச் சட்டம், வழக்கப்படி ஏரி வேலைக்கு வரவேண்டியவன் வரத் தவறினால், அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு கட்டச் சொன்னது. வழக்கம் என்று எதைச் சொன்னார்கள்? குனிந்தவன் குனிந்தே கிடப்பதும் வழக்கத்தில் அடங்கியதுதானே! மகாராட்டிரத்து மகாடில், பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகும் உரிமைக்காக, 1927-இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் செல்ல நேர்ந்தது. ‘பொது’ என்ற பெயர் மட்டும் குளத்தைப் பொதுவாக்கிவிடாது.

ஆனாலும் அதே உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஒரு விதி உண்டு: வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வரக்கூடாது. பழமையில் பதர் எது, மணி எது என்று பிரித்தெடுப்பதே பகுத்தறிவு. அந்த வேதத் தகுதியைத் தள்ளுவோம். இந்தக் கணக்கு விதியைக் கொள்வோம்!

இன்றும் பாசனச் சங்கத்தில் ஆயக்கட்டில் நிலமுள்ளவருக்கே இடம். கரையடியில் குடிசை போட்டிருப்பவனுக்கு நிலமில்லை, ஆகவே குரலுமில்லை. கரை உடைந்தால் முதலில் மிதப்பது அவன் பாய்தானே! மனைப்பிரிவுச் சங்கங்களிலும் உரிமையாளர் பேசுகிறார்; வாடகைக்குக் குடியிருக்கும் ஆலைத் தொழிலாளி வாய்மூடி நிற்கிறான். உரிமையாளர் செலுத்தும் பங்கோ, மறு மாதமே அவனது வாடகையில் ஏறிவிடக்கூடும்!

ஆகவே, இளந்தோழர்களே, உங்கள் ஊரில் குளத்துக்குப் பங்கு கேட்டு வந்தால் மறுக்காதீர்கள். கொடுங்கள், கொடுக்கும்போதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அனுப்பும் நீருக்கு ஏற்ற அளவில் பங்கு விதித்தீர்களா? தூர்வார எவ்வளவு, மதகுக்கு எவ்வளவு, கலிங்குக்கு எவ்வளவு என்ற கணக்கு, ஊரார் படிக்கச் சுவரில் ஒட்டப்படுமா? வெள்ளம் வந்தால் முதலில் நனைபவனுக்குக் கூட்டத்தில் நாற்காலி உண்டா?

மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால், அந்தப் பங்கைத் தர மறுப்பவன் ஊருக்குக் கடன்காரன். ‘இல்லை’ என்றால், அதைக் கேட்பவர்கள் பழைய வெட்டிவேலைக்குப் புதிய ரசீது நீட்டுகிறார்கள்.

நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வது இயற்கை. பாரமும் அதே வழியில் பள்ளத்துக்கே பாய்ந்தால், அது மனிதன் செய்த ஏற்பாடு. மனிதன் செய்ததை மனிதனால் மாற்ற முடியும்!