இடிந்தவையும் இடிக்கப்பட்டவையும்

நல்லூரில் சங்கிலியன் தோரண வாசலையும் மந்திரிமனையையும் காட்டிவிட்டு, பிள்ளைகளை யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கூட்டிச்சென்றேன். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோணமாக எழுப்பிய கோட்டை. உள்ளே 1706இல் கட்டிய தேவாலயம் போரில் கற்குவியலாயிற்று. போரின் பின் நெதர்லாந்தின் உதவியோடு மதில்களைச் சீரமைத்தார்கள். சோனகர்மீது ஊழியம் என்னும் கட்டாய வேலையைச் சுமத்தியவர்களும் இதே ஒல்லாந்தர்தான். அதற்காக மதில் இடிந்தே கிடக்கட்டும் என்று சொல்லமாட்டேன்.

பூமியில் சுற்றிவந்து முன்னிருந்தோரின் முடிவைப் பார்க்கச் சொல்கிறது திருமறை. ஆண்டவர்களின் மாளிகையில் அந்தப் படிப்பினை எளிது. சோனகத்தெருவில் அதை எப்படிச் சொல்வது? 1990 ஒக்டோபர் 30இல், இரண்டு மணிநேர அவகாசத்தில் நாங்கள் விட்டுப்போன வீட்டுக்குக் கூரையில்லை. உம்மா இருந்து மீன் வெட்டிய வாசற்படி இருக்கிறது. அங்கே யாரும் யாரையும் ஒடுக்கவில்லை. அது எவருடைய அகங்காரத்துக்குக் கிடைத்த முடிவு?

“உங்கட வீட்டை ஏன் சேர் திருத்தவில்லை?” என்றான் ஒரு மாணவன். காசில்லை என்றேன். அது பாதி உண்மை. திருத்தினால் நடந்ததற்கான சாட்சி அழியும். திருத்தாவிட்டால் வெளியேற்றியவர்களின் தீர்ப்பே நிற்கும். சாட்சியைச் சுமக்க நாங்கள் இருக்கிறோம், வீடு எதற்கு? மேசனை வரச்சொல்லியிருக்கிறேன். படியை மட்டும் உடைக்க வேண்டாமென்றேன்.